கிளாவர் நாலும் ஜோக்கரக்காவும்

எங்கள் அச்சகத்தில் எல்லோரும் அவரை ஜோக்கரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு இந்தப் பட்டத்தைச் சூட்டியவன் யாரென்று தெரிந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். மேனேஜருக்கும் அக்கா. மேனேஜரின் மாமனார் ஒருநாள் அச்சகத்தை வேடிக்கை பார்க்க வந்தார், அவரும் போகும்போது "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பட்டம் வந்தது வேலையால். நாங்கள் அடிப்பது சீட்டுக்கட்டு. சாதாரணச் சீட்டோடு, சேகரிக்கிறவர்களுக்கென்று படம் போட்ட கட்டுகளும் அடிப்போம்: பறவைகள், பழைய ரயில் எஞ்சின்கள், பூட்டுகள். வாங்குகிறவர்கள் விளையாடமாட்டார்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார்கள். அதில் ஒரு சீட்டு தொலைந்தால் போச்சு. மிச்சம் ஐம்பத்தொன்றை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா முடியும்? உடனே எங்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். தொலைந்த சீட்டுக்கு மாற்றுச் சீட்டு அனுப்புவதுதான் அக்காவின் வேலை.

அதற்கு ஒரு முறை உண்டு. கேட்கிறவர் தன் கட்டிலிருந்து ஒரு ஜோக்கரை எடுத்துக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். சீட்டின் முதுகுப்பக்கத்து நீலம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஒரு நூல் கூடும், ஒரு நூல் குறையும். நிறம் ஒத்துப்போகாவிட்டால் மாற்றுச் சீட்டு மட்டும் கட்டுக்குள் துருத்திக்கொண்டு தெரியும். அக்கா அந்த ஜோக்கரை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பின்னாலிருக்கும் மர அலமாரியில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அறை. அதிலிருந்து அதே நீலத்தில் ஒன்றைப் பொறுக்கி, ஜோக்கரையும் சேர்த்துப் பழுப்பு உறையில் போட்டு, கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்புவார். தினமும் தபாலில் வருவது ஜோக்கர், தபாலில் போவது ஜோக்கர். வேறென்ன பட்டம் வைப்பார்கள்?

பக்கத்து மேசை என்னுடையது. நான் ப்ரூஃப் ரீடர். பிழை பிடிப்பது என் தொழில். அதையே வீட்டிலும் செய்துவந்ததால் இப்போது என் வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அக்காவின் வீடு அச்சகத்திலிருந்து நடந்துபோகும் தூரம். கீழே டயர் கிடங்கு, மேலே இரண்டு அறை. அக்கா, லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், தையல் வேலையை விட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா. இன்னொருத்தியும் இருந்தாள். அக்காவின் தங்கை. வீட்டில் சின்னவள் என்பார்கள். இருபத்துநாலு வயது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு மாலை நாலு மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. கீழே இரும்புக் கேட் காற்றில் படார் படார் என்று அடித்துக்கொண்டது. அடுப்படியில் இருந்த அக்கா, "போய் அந்தக் கேட்டைப் பூட்டிட்டு வாடி" என்றார். அவள் இறங்கிப் போனாள். அவ்வளவுதான். செருப்புகூடப் போடவில்லை. கேட் அன்றைக்கு ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது.

போலீஸ், பேப்பர், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் ஆயிற்று. யாரோடோ ஓடிவிட்டாள் என்று ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிலிருந்து அக்கா அந்தக் கேட்டை யாரையும் பூட்ட விட்டதில்லை. திறந்த மேனிக்கே கிடந்து தாழ்ப்பாள் துருவேறிக் கட்டையாகிவிட்டது. அப்பா தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி கேட்பார்: "வந்துட்டாளா?" அக்கா தினமும் "இன்னும் இல்லப்பா" என்பார். இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது அவர் அழவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அவளா போகல சார். நான்தான் அனுப்பினேன்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பதிப்பகத்தார் பெரிய வேலை ஒன்று கொண்டுவந்தார்கள். பழைய பிரெஞ்சு நாவல்களின் பாத்திரங்களை வைத்து ஒரு சீட்டுக்கட்டு. ராஜா, ராணி, மந்திரிச் சீட்டுகளில் கதாநாயகர்கள். எண் சீட்டுகளில் சில்லறை ஆட்கள்: வண்டிக்காரன், சமையற்காரி, மடத்துக்குப் போன மணப்பெண், பொய்மீசைப் பிரபு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்த ஆள் யார், கதையில் என்ன ஆனார் என்று இரண்டு வரி. மொத்தம் நாலாயிரம் கட்டு.

ஓவியர் பத்து முகம் வரைந்ததும் கையை விரித்துவிட்டார். முகப் பஞ்சமாம். எந்த முகத்தை வரைந்தாலும் அவருடைய மைத்துனர் முகமாகவே வருகிறதாம். ஆளுக்கொரு போட்டோ கொண்டுவாருங்கள், குடும்பத்தில் யாருடையதானாலும் சரி என்றார். அச்சகமே அல்லோலகல்லோலப்பட்டது. கட்டிங் மிஷின்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு ஆட்டின் ராஜா ஆனார். எனக்கு டைமன் இரண்டு கிடைத்தது: உயிலைத் திருத்தி மாட்டிக்கொண்ட பேராசைக்கார வக்கீல். முகப் பொருத்தம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அக்கா கொண்டுவந்தது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. வேலைக்கு மனுப் போட எடுத்தது. இரண்டு காதும் தெரிய, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம்.

"நாலாயிரம் வீட்டுக்குப் போகுது சார். யாராவது ஒருத்தர் எங்கயாவது பார்த்திருக்க மாட்டாங்களா?" என்றார்.

போலீஸ்காரன் மூளைக்கு எட்டாத யோசனை. எனக்கே பெருமையாக இருந்தது. ஓவியரிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து ப்ரூஃப் என் மேசைக்கு வந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவன் கிளாவர் நாலில் நின்றுவிட்டேன். சின்னவளின் முகம், வெள்ளைத் தலைத்துணியோடு. கீழே வரி இப்படி இருந்தது: "பெரிய வீட்டு வேலைக்காரி. ஒன்பதாம் அத்தியாயத்தில் மழை வரும்போது கேட்டைப் பூட்டப் போகிறாள். அதன்பின் கதையில் அவள் இல்லை."

வரி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத் தொகுப்பாளருக்குக் கேள்வி எழுதி அனுப்பினேன். பிழை இல்லை, நாவலாசிரியர் அவளை மறந்துவிட்டார், இன்னும் முப்பது அத்தியாயம் இருந்தும் யாரும் அவளைத் தேடவில்லை என்று பதில் வந்தது. முகத்தை வேறு சீட்டுக்கு மாற்றுங்கள் என்று நான் ஓவியரிடம் சொல்லியிருக்கலாம். மாலையே மிஷினில் ஏற்ற வேண்டும் என்று மேனேஜர் தலைமேல் நின்றார். வாயை மூடிக்கொண்டு "சரி" என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் குற்றவுணர்ச்சி இன்றைக்கும் இருக்கிறது.

அச்சான சீட்டை அக்கா ஜன்னலுக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். "சரியாத்தான் போட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அதற்குப் பிறகுதான்.

நாலாம் மாதம் தூரத்து ஊரிலிருந்து ஒரு பல் டாக்டர் எழுதினார். பிரெஞ்சுக் கட்டில் கிளாவர் நாலைக் காணவில்லையாம். அக்கா நீலத்தைப் பார்த்து மாற்றுச் சீட்டு அனுப்பினார். அடுத்த வாரம் இரண்டு கடிதம், கிளாவர் நாலு. அதற்கடுத்த வாரம் ஐந்து. ஒரு வருடத்தில் மற்ற எல்லாச் சீட்டுக்குமாகச் சேர்த்து வந்த கடிதம் ஏழு. கிளாவர் நாலுக்கு மட்டும் நூற்றுக்கு மேல். மாற்றுச் சீட்டு வாங்கியவர்களே மறுபடியும் எழுதினார்கள், அதுவும் தொலைந்துவிட்டதென்று.

யாரும் விளையாடித் தொலைக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்தோம், எடுத்துப் பார்த்தால் இல்லை என்பதுதான் எல்லாக் கடிதத்திலும். சிலர் நேரத்தையும் எழுதினார்கள். மாலை நாலு மணி இருக்கும், வாசல் திறந்திருந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று நான் அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா சளைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பதிலில் ஒரு வரி கூட்டி எழுதினார்: இந்த முகத்தை எங்கேயாவது பார்த்ததுண்டா? ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பதில் போட்டார். "அம்மா, அந்தச் சீட்டைப் பலமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முகம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. என் மனைவியையும் கேட்டேன். அவளுக்கும் இல்லை." இதே பதிலை வேறு வேறு கையெழுத்தில் இருபது பேர் எழுதியிருந்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். ஒருமுறை தொலைத்த தங்கையை அந்தப் பெண் உறையில் போட்டு, ஒட்டி, தன் கையாலேயே நூற்றுக்கணக்கான தடவை தொலைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கம்பெனியே தரைத்தளத்தில் வீடு கொடுத்தது. அப்பாவின் முழங்காலுக்கு மாடிப்படி இனி ஆகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருடம் இரண்டு மாற்றலைத் தட்டிக் கழித்தவர். அக்கா மட்டும் பிடிகொடுக்கவில்லை. வீட்டை மாற்றினால் அவள் வந்து யாரைத் தேடுவாள் என்பதுதான் ஒரே பேச்சு. கடைசியில் கணவர் சொன்னாராம், "அவளுக்காகக் காத்திருக்கறது சரி. உங்கப்பா படியில விழுந்தா யாருக்காகக் காத்திருக்கறது?" அக்கா சம்மதித்துவிட்டார். ஒரு மாதத்தில் லாரி வருவதாக ஏற்பாடு.

அந்த மாதம்தான் கிளாவர் நாலு அறை காலியானது. அது ஒன்றை மட்டும் ஐந்நூறு மறுபதிப்பு அடிக்கச் சொன்னார் மேனேஜர். ப்ரூஃப் என் மேசைக்கு வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"சார், கடைசி வரிய மாத்தணும். கேட்டைப் பூட்டிட்டு உள்ள வந்தாள்னு போடணும்."

"அது பிழைக்கா. கதையில அப்படி இல்லையே."

"எழுதினவர் மறந்துட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க. மறந்தது பிழை இல்லையா? பிழைய திருத்தறதுதானே சார் உங்க வேலை?"

நாற்பது வருடச் சர்வீசில் தெரிந்து ஒரு பிழையை நான் விட்டதில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் எழுத்து விட்டுப்போயிருந்ததற்காக முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மிஷினை நிறுத்தியவன். அப்படிப்பட்ட நான் சிவப்பு மையால் கடைசி வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தாள்." பக்கத்தில் "சரி" என்று போட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சீட்டு அச்சானது. காத்திருந்தவர்களுக்கெல்லாம் அக்கா ஒரே நாளில் அனுப்பினார். மிச்சத்தை மேனேஜர் எண்ணிக் கட்டிப் பதிப்பகத்துக்கே கொடுத்துவிட்டார்.

கிளாவர் நாலு அதற்குப் பிறகு யார் வீட்டிலும் தொலையவில்லை. கடிதம் மட்டும் நிற்கவில்லை.

முதலில் எழுதியவர் அதே பல் டாக்டர். சீட்டு பத்திரமாக இருக்கிறது, நன்றி. இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன் என்று ஆரம்பித்திருந்தார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். நாலு மணிக்கு இரண்டு பேரும் வெளியே போய்விட்டுத் திரும்பினால் கேட் உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. சுவரேறிக் குதித்துத்தான் திறந்தாராம், அந்த வயதில். அடுத்தது ஸ்டேஷன் மாஸ்டர். அவர் வீட்டிலும் கேட். கூடவே இன்னொன்று எழுதியிருந்தார்: "நாங்கள் மூன்று பேர். என் மனைவி நாலு தட்டு எடுத்து வைக்கிறாள். ஏன் என்று கேட்டால் எண்ணிப் பார்த்துத் திகைக்கிறாள். எங்களுக்குப் பயமில்லை அம்மா. வந்திருப்பது யார் என்று தெரிந்தால் நல்லது."

அக்கா ரயில்வே வரைபடம் ஒன்றை மேசை மேல் விரித்து, கடிதம் வந்த ஊர்களில் குண்டூசி குத்தினார். தபால் என்றால் பக்கத்து ஊர்க்காரர் முதலில் எழுதுவார், தூரத்துக்காரர் பிறகு எழுதுவார். இங்கே எல்லாம் தலைகீழ். கடைக்கோடியிலிருந்து முதல் கடிதம், அப்புறம் ஜங்ஷன், அப்புறம் ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம், அப்புறம் இந்தப் பக்கம். குண்டூசி ஒவ்வொன்றாக எங்கள் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. லாரி வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது எழுதியவர் எங்கள் ஸ்டேஷன் எதிரே சலூன் வைத்திருப்பவர். அச்சகத்திலிருந்து பார்த்தால் அவர் கடை போர்டு தெரியும்.

அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் குண்டூசியைக் குத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், சீட்டு இருக்கற வீட்டுக்கெல்லாம் போறா. எங்க வீட்டுல சீட்டு இல்லையே."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சேகரிப்புக் கட்டுகளை நாங்கள் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கம்பெனி விதி. கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிய அந்தப் பைத்தியக்காரப் பெண் தனக்கென்று ஒன்று எடுத்துவைக்கவில்லை. பதிப்பகத்துக்குப் போன் செய்தார். மிச்சமும் கட்டுகளில் சேர்ந்து விற்பனைக்குப் போய்விட்டதாம்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. மிஷினிலிருந்து முதலில் வரும் தாளில் ப்ரூஃப் ரீடர் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைக்க வேண்டும். நாளைக்கு ஒரு பிழை கிளம்பினால், அதை விட்டது யார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தத் தாளை வெளியே எடுப்பது என் பிழைப்பில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்வது. கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்கேலும் பிளேடும் வைத்து அந்தச் சீட்டை வெட்டி எடுத்தேன். முதுகில் என் கையெழுத்தில் பாதி வந்துவிட்டது.

லாரி வந்த அன்று மத்தியானம் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சாமான் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கேட் வழியில் இடிக்கிறதே என்று தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

"அது நகராது சார். ஒன்பது வருஷத் துரு. எண்ணெய் விடவும் விடமாட்டா" என்றார் கணவர்.

மாடியில் அக்கா அடுப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். சீட்டைக் கொடுத்தேன். வாங்கினார், முதுகிலிருந்த என் பாதிக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அடுப்பு மேடைக்கு மேலே, ஒன்பது வருடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு தங்கையை அனுப்பிய அதே இடத்தில், சுவரில் சாய்த்து வைத்தார்.

மூன்றரைக்கு அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி, படிக்குக் கீழே நாற்காலியில் உட்காரவைத்தோம். ஏற்ற வேண்டிய கடைசி மூட்டைகள் அவர் பக்கத்தில் கிடந்தன. டயர் கிடங்கு அன்றைக்குச் சீக்கிரமே மூடிவிட்டிருந்தது. டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்துத் திருப்பி நிறுத்தத் தெருவுக்குப் போனார். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நாங்கள் மூன்று பேரும் மேலே ஏறினோம். அறைகளில் ஒன்றும் இல்லை. மின்விசிறிகூடக் கழற்றியாயிற்று. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

அப்போது கீழே கேட் கிரீச்சிட்டது. இரும்பு இரும்பில் உரசும் சத்தம். நீளமான, நிதானமான சத்தம், யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. பிறகு டக்கென்று தாழ் விழுந்தது. கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு.

இறங்கி வந்தோம். கேட் உள்பக்கம் தாழிட்டிருந்தது. தாழ்ப்பாளுக்குக் கீழே தரையில் துருத்தூள், அப்போதுதான் கொட்டியது, செங்கல் பொடி மாதிரி. வெளியே நின்ற டிரைவர் சலிப்போடு கம்பி வழியாகப் பார்த்தார்.

"என்னங்க, சாமான் இன்னும் இருக்குங்கறீங்க, அதுக்குள்ள பூட்டிட்டீங்களே? அந்தப் பொண்ணுகிட்ட இருங்கம்மான்னு சொல்றேன், காதுலயே வாங்காம உள்ள போயிட்டாங்க."

"எந்தப் பொண்ணு?" என்று கணவர் கேட்டார்.

"இதோ, வெறுங்கால்ல வந்தாங்களே. தலையெல்லாம் நனைஞ்சு."

அன்று ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினார். படிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவரைத் தாண்டாமல் யாரும் மேலே போக முடியாது. மேலிருந்து இறங்கிய எங்களைத் தாண்டாமலும் போக முடியாது. அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "மேல போயிட்டா, பெரியவளே. துண்டு எடுத்துக் குடு, தலை ஈரமா இருக்கு" என்றார்.

நான் படிக்கட்டில் கால் வைக்கவில்லை. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மட்டும் சாமான் மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு மேலே போனார். அந்தக் காலி வீட்டில் அவர் காலடி அடுப்படிவரை போய் நின்றது. பிறகு ஒரு குரல். அக்காவின் குரல்தான், என்ன சொன்னார் என்று புரியவில்லை. பதில் கேட்டதா என்று என்னிடம் பலபேர் கேட்டுவிட்டார்கள். கணவர் அந்த நேரம் பூராவும் சுத்தியலால் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டிருந்தார். தேவைக்கு மேலேயே தட்டினார்.

பதினைந்து நிமிஷம் கழித்து அக்கா இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. துண்டு நனைந்திருந்தது. சீட்டு கையில் இருந்தது.

"போலாங்க" என்று கணவரிடம் சொன்னார்.

லாரியின் முன் சீட்டில் அப்பாவை ஜன்னலோரம் ஏற்றிவிட்டு, ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அக்கா தள்ளி உட்கார்ந்தார். டிரைவர் பக்கம் இடிக்குமே, நகர்ந்து உட்கார் என்று கணவரும் சொல்லவில்லை. அவர் பின்னால் சாமானோடு ஏறிக்கொண்டார்.

அதற்கப்புறம் மாற்றுச் சீட்டு மேசையும் என் தலையில் விழுந்தது. இப்போது என்னை ஜோக்கர் சார் என்கிறார்கள். முகப் பொருத்தம் பிரமாதமாம்.

போன வாரம் ஒரே தபாலில் இரண்டு வந்தன. ஒன்று பதிப்பகத்திலிருந்து. இரண்டாம் பதிப்பு அடிக்கப்போகிறார்கள். கிளாவர் நாலில் நடந்திருக்கும் அநியாயத்தைத் தொகுப்பாளர் கண்டுபிடித்துவிட்டார். மூலத்துக்குத் துரோகம், இதை விட்ட ப்ரூஃப் ரீடர் யார், பழைய வரியையே போட்டாக வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குக் குதித்திருந்தார். பழைய வரியோடு புது ப்ரூஃபும் இணைத்திருந்தது. மேனேஜர் ஃபைல் பிரதியைக் கேட்டார். அந்த இடத்தில் சீட்டு அளவில் ஓர் ஓட்டைதான் இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்று அக்காவின் கடிதம். அதே கைப்பட எழுதிய வரிகள், இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக.

"சார், நலம். வீடு வசதியாக இருக்கிறது. அப்பா இப்போதெல்லாம் கேட்பதில்லை. நாங்கள் மூன்று பேர், காலையில் நாலு தம்ளர் டீ வைக்கிறேன். தப்பாக எண்ணி வைப்பதில்லை, எண்ணித்தான் வைக்கிறேன். வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். இப்போது நாலாவது தம்ளர் ஆறிவிடப் போகிறதென்று அவரே தட்டு போட்டு மூடுகிறார். நாங்கள் வேலை முடிந்து வந்து பார்த்தால் தம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அப்பாவால் குழாய்வரை நடக்க முடியாது. இந்த வீட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டோம். அவளை எதற்கும் வெளியே அனுப்புவதில்லை."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ப்ரூஃபைப் பார்த்தேன். "அதன்பின் கதையில் அவள் இல்லை." எழுத்துப் பிழை இல்லை, ஒற்றுப் பிழை இல்லை, மூலத்தில் உள்ளபடியே அச்சு அசலாக இருக்கிறது. இதற்கு "சரி" போட்டால் நான் நல்ல ப்ரூஃப் ரீடர். ஆனால் இந்த வரி மறுபடி அச்சாகி நாலாயிரம் வீட்டுக்குப் போனால், எங்கோ ஒரு வீட்டில் சாயங்காலம் நாலாவது தம்ளர் கழுவாமல் அப்படியே இருக்கும். அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார். அப்பா மறுபடி கேட்க ஆரம்பிப்பார்.

இந்தச் சீட்டு போகப்போகும் வீடுகளில் கேட் பூட்டிக்கொண்டு சுவரேறிக் குதிக்கப்போகிறவர்கள் என்னை மன்னிக்கட்டும். அவர்களாவது குதித்து உள்ளே போய்விடலாம். என் வேலை எப்படியும் போகத்தான் போகிறது. ஒரு தடவை அக்கா தெரியாமல் அனுப்பினார். தெரிந்தே அவளை இன்னொரு தடவை கேட் பூட்ட அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடித்தேன். உள்ளே வந்தாள் என்று எழுதி, "சரி" போட்டு, இந்தத் தடவை முழுக் கையெழுத்தும் போட்டேன்.